இழுப்பதும் நிறுத்துவதும்: டிரெய்லர்ப் பாதுகாப்பின் வரலாறு

ஒரு வண்டியின் பின்னால் இன்னொரு வண்டியைப் பூட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் மிகப் பழையது என்றாலும், அதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்ற கேள்வி நீராவி எந்திரம் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் வந்த பிறகுதான் சட்டமன்றங்களையும் பொறியாளர்களையும் எட்டியது. மாடும் குதிரையும் இழுத்த காலத்தில் பாரமும் வேகமும் அந்த விலங்கின் வலுவுக்குள் அடங்கியிருந்தன. இறக்கத்தில் வண்டி உருண்டுவிடாதபடி சக்கரத்தின்மேல் கட்டையை இறுக்குவதோ, சக்கரத்தடியில் இரும்புச் சறுக்கு ஒன்றைச் செருகுவதோ போதுமானதாக இருந்தது. எந்திரம் வந்ததும் இழுக்கும் வலு பன்மடங்கு பெருகியது. நிறுத்தும் வலு அந்த அளவுக்குப் பெருகவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே ஏற்பட்ட இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் முயற்சிகளே டிரெய்லர்ப் பாதுகாப்பின் வரலாறு. மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியை டிரெய்லர் என்றும், தன் எடையில் ஒரு பகுதியை இழுக்கும் வாகனத்தின்மீதே ஏற்றிவைத்து ஓடுவதை அரை டிரெய்லர் என்றும் இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரித்துக் காட்டுகிறது. எடை எங்கே தங்குகிறது என்பதை வைத்துச் செய்யப்பட்ட இந்தப் பாகுபாடு இவ்வரலாறு முழுவதற்கும் உரியது.

இழுத்துச் செல்லப்படும் வண்டியைத் தனியான ஆபத்தாகக் கருதிய முதல் சட்டங்களுள் பிரிட்டனின் 1865ஆம் ஆண்டு லோகோமோட்டிவ் சட்டம் குறிப்பிடத்தக்கது. சாலையில் ஓடும் நீராவி எந்திரம் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைலுக்கும் ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் போகக்கூடாது என்றும், குறைந்தது மூன்று ஆட்கள் அதனோடு இருக்கவேண்டும் என்றும், அவர்களுள் ஒருவர் சிவப்புக் கொடியுடன் குறைந்தது 60 கஜம் முன்னால் நடக்கவேண்டும் என்றும் அது விதித்தது. கொடி பிடித்து நடந்தவர் பிற்காலத்தில் கேலிக்குரிய சின்னமாகிவிட்டதால், அதே சட்டத்தின் இன்னொரு விதி மறக்கப்பட்டது: இரண்டு வண்டிகளுக்கு மேல் இழுத்தால், அவற்றைக் கவனிப்பதற்கென்றே மேலும் ஓர் ஆள் வேண்டும். எந்திரத்தை ஓட்டுபவர் முன்னால் பார்ப்பவர். பின்னால் வருவதைப் பார்க்கவும் அடக்கவும் வேறு ஆள் தேவை என்பதே இவ்விதியின் உட்கிடை. 1896இல் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு வேகவரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்தபோதும், அந்தச் சலுகை 3 டன்னுக்குக் குறைவான, ஒரு வண்டிக்கு மேல் இழுக்காத வாகனங்களுக்கே கிடைத்தது.

இதே காலகட்டத்தில் இந்தியாவிலும் ஒரு துணிச்சலான சோதனை நடந்தது. எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1867இல் கனத்த ரப்பர் வளையம் பொருத்திய சக்கரங்கள் கொண்ட சாலை நீராவி எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இந்தியாவில் பணியாற்றிய இளம் ராணுவ அதிகாரி ஆர். ஈ. பி. கிராம்ப்டன் அந்த எந்திரங்களைக் கொண்டு ‘அரசு நீராவி ரயில்’ என்ற பெயரில் வடமேற்கு இந்தியாவின் கிராண்ட் டிரங்க் சாலையில் தொடர்வண்டிகளை ஓட்ட முயன்றார். இதற்காக இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் கட்டப்பட்ட எந்திரங்களுள் ‘ராவி’ என்பது 1871இல் இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோவுக்கும் திரும்பவும் சாலை வழியாகவே ஓட்டிக் காட்டப்பட்டது. தண்டவாளம் இல்லாத ரயில் என்ற அந்தக் கனவு, தண்டவாளம் போட்ட ரயில் பரவியதும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 

இழுபடும் வண்டியை நிறுத்தும் சிக்கலுக்கு உண்மையான விடை சாலையில் பிறக்கவில்லை, ரயிலில் பிறந்தது. தொடக்ககால ரயில்களில் எந்திரத்திலும் கார்டு பெட்டியிலும் மட்டுமே கையால் சுழற்றி இறுக்கும் பிரேக்குகள் இருந்தன. இடையிலிருந்த பெட்டிகள் தம் வேகத்தோடு முன்பெட்டியை முட்டிக்கொண்டே வந்தன. அமெரிக்கச் சரக்கு ரயில்களில் பிரேக்மேன்கள் ஓடும் பெட்டிகளின் கூரைமீது நடந்து, ஒவ்வொரு பெட்டியின் சக்கரப்பிடியையும் திருகி இறுக்கினர். பனியும் மழையும் பெய்த நாள்களில் இந்த வேலை பலர் உயிரைக் குடித்தது. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், எந்திரத்திலிருந்து ஒரு குழாய் வழியாக அழுத்தக் காற்றை எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பி, ஒரே நேரத்தில் பிரேக் போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது: காற்று சென்றால்தான் பிரேக் பிடிக்கும் என்பதால், குழாய் அறுந்தாலோ பெட்டி கழன்றாலோ, பிரேக் மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் அது செயலற்றுப் போனது.

1872இல் அவர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் காற்றுத் தொட்டி ஒன்றும், முப்பணி வால்வு எனத்தக்க ஒரு கருவியும் வைக்கப்பட்டன. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை வால்வு தொட்டியை நிரப்பிக்கொண்டு பிரேக்கைத் தளர்த்தி வைத்திருக்கும். அழுத்தம் குறைந்ததும், தொட்டியிலுள்ள காற்றைத் திறந்துவிட்டுப் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும். ஓட்டுநர் வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்தாலும், இணைப்பு அறுந்து காற்று தானே வெளியேறினாலும் விளைவு ஒன்றுதான்: வண்டி நிற்கும். பழுது ஏற்பட்டால் ஆபத்தின் பக்கம் சாயாமல் பாதுகாப்பின் பக்கம் சாயவேண்டும் என்ற இந்த நெறி, இன்று ஒவ்வொரு கனரக டிரெய்லரிலும் இருக்கிறது.

இந்த நெறியைப் புறக்கணித்ததன் விலையை அயர்லாந்தின் ஆர்மா நகரம் 1889 ஜூன் 12 அன்று கொடுத்தது. ஞாயிறுப் பள்ளிச் சிறுவர்களையும் அவர்களது குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சுற்றுலாவுக்குப் புறப்பட்ட ரயில் ஏற்றத்தில் ஏறமாட்டாமல் நின்றுவிட, பணியாளர்கள் ரயிலைப் பிரித்து முன்பாதியை மட்டும் கொண்டுசெல்ல முடிவு செய்தனர். அந்த ரயிலில் இருந்தது, அழுத்தக் காற்றுக்குப் பதிலாக வெற்றிடத்தால் எல்லாப் பெட்டிகளிலும் இயங்கும் வெற்றிட பிரேக்தான். ஆனால் தானியங்கி வகை அன்று. இணைப்பைக் கழற்றியதும் பின்பாதியிலிருந்த பத்துப் பெட்டிகளுக்கும் பிரேக் இல்லாமற்போக, கார்டின் கைப்பிரேக்கும் சக்கரங்களுக்கடியில் வைத்த கற்களுமே அவற்றைத் தாங்கி நின்றன. முன்பாதி புறப்படும்போது சற்றே பின்வாங்கித் தட்டியது, கற்கள் நொறுங்கின, பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ரயில்மீது மோதின. சுமார் 80 பேர் இறந்தனர். அதே ஆண்டில் நிறைவேறிய ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், பயணிகள் ரயில் முழுவதிலும் தொடர்ச்சியாகவும் தானாகவும் பிடிக்கும் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

ரயில்துறை சாலைக்கு விட்டுச்சென்ற இன்னொரு அறிவும் உண்டு. 1878இல் கேப்டன் டக்ளஸ் கால்டனும் வெஸ்டிங்ஹவுஸும் லண்டன்–பிரைட்டன் ரயில்பாதையில் தனிப்பெட்டி ஒன்றில் அளவுக்கருவிகளைப் பொருத்தி நடத்திய சோதனைகளில், சக்கரம் உருண்டுகொண்டே பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் தடை, சக்கரம் முற்றாகப் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் வழுக்கும்போது கிடைப்பதைவிட அதிகம் என்பது தெளிவாயிற்று. பிரேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடக்கூடாது என்ற இந்தக் கண்டுபிடிப்பு சாலைச் சட்டமாக மாற நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

பெட்டிகளின் பிரேக்கை ஆளே கையால் பிடிக்கும் பழைய ஏற்பாடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகமண்டலத்துக்கும் எட்டிய நீலகிரி மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரம் பல்வரிசையில் பதிந்து ஏறும் பகுதியின் செங்குத்தான சரிவு ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி. அங்கே எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. ஏறும்போது கீழிருந்து தள்ளுகிறது, இறங்கும்போது கீழே நின்று தாங்குகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டி எஞ்சின்மீதே சாயும் என்பது இதன் பயன். அதற்கு மேலும், ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக்ஸ்மேன் ஒருவர் கைப்பிரேக்கின் அருகில் நிற்கிறார். மேல்முனைப் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்து, பின்னாலிருக்கும் எஞ்சின் ஓட்டுநருக்குக் கொடிகாட்டுகிறார். சரிவு கடுமையான இடத்தில் கருவியையும் ஆளையும் சேர்த்தே நம்பவேண்டும் என்ற முடிவின் வாழும் சான்று இது.

சாலையில் டிரெய்லரின் நவீன வரலாறு பெரும்பாலும் டெட்ராய்ட் நகரக் கருமார் ஒருவரோடு தொடங்குகிறது. 1914இல் மரவியாபாரி பிரெடரிக் சிப்லி தன் படகை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் இழுத்துச்செல்ல ஒரு வண்டி கேட்டபோது, ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்து, அதன் முன்முனையைக் காரின் பின்பகுதியின்மீது தாங்கவைத்தார். படகுக்குச் செய்தது பிறகு மரம் ஏற்றவும் பயன்பட, 1918இல் அவர் பெயரில் நிறுவனமே உருவாயிற்று. டிரெய்லரின் முன்பாரம் இழுக்கும் லாரியின் பின்அச்சின்மீது இறங்குவதால், அந்தச் சக்கரங்களுக்குத் தரைப்பிடிப்பு கூடியது. லாரி தன்மீது ஏற்றக்கூடியதைவிடப் பலமடங்கு பாரத்தை இழுக்க முடிந்தது. லாரியின் முதுகில் படுக்கையாக இருக்கும் வட்டத் தகடும் அதன் நடுவிலுள்ள பூட்டில் நுழையும் டிரெய்லரின் குத்துமுளையும் சேர்ந்த ‘ஃபிஃப்த் வீல்’ இணைப்பு, திரும்பவும் கழற்றவும் எளிதாக இருந்ததால் உலகெங்கும் நிலைத்தது.

அரை டிரெய்லரின் எடை பெருகப்பெருக, அதற்கும் தனி பிரேக் தவிர்க்க முடியாததாயிற்று. ரயிலின் காற்று பிரேக் சாலைக்கு இறங்கியது. இன்று லாரிக்கும் டிரெய்லருக்கும் இடையே சுருள்சுருளாகத் தொங்கும் இரண்டு காற்றுக் குழாய்களுள் சிவப்பு நிற இணைப்புள்ளது டிரெய்லரின் தொட்டியை எப்போதும் நிறைத்து வைப்பது. மற்றது ஓட்டுநர் பெடலை மிதிக்கும் அளவைச் சொல்வது. சிவப்புக் குழாய் அறுந்தால் டிரெய்லர் தானே பிரேக் பிடித்து நிற்கும். பின்னர் வந்த ஸ்பிரிங் பிரேக்கில், வலிய சுருள்வில் எப்போதும் பிரேக்கை இறுக்கவே முனைந்திருக்க, காற்றழுத்தம் அதைப் பின்தள்ளித் தளர்த்தி வைக்கிறது; அழுத்தம் தீர்ந்தால் வில் வென்றுவிடும்.

டிரெய்லருக்குப் பிரேக் கிடைத்ததும் வேறொரு ஆபத்து வெளிப்பட்டது. ஈரச்சாலையில் லாரியின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், பின்னால் வரும் டிரெய்லரின் உந்தம் அதைப் பக்கவாட்டில் தள்ள, இரண்டும் மடக்குக்கத்தியைப் போல ஒன்றின்மேல் ஒன்று மடங்கிவிடும்; டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், டிரெய்லர் வீசிச் சுழன்று பக்கத்துத் தடத்தைத் துடைத்துவிடும்; முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படாது. கடைசியானதற்கு அஞ்சி அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் பலர் முன்சக்கர பிரேக்கையே துண்டித்துவைத்த வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதனால் நிற்கும் தூரம் கூடியதோடு, மற்ற சக்கரங்கள்மீது சுமை ஏறி மடங்கும் வாய்ப்பும் வளர்ந்தது. கால்டன் கண்ட உண்மையைச் சாலைக்குக் கொண்டுவரும் முதல் பெரிய முயற்சியாக, சக்கரம் பூட்டாமல் குறுகிய தூரத்தில் நிற்கவேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டரசின் 121ஆம் எண் தரவிதி 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அன்றைய மின்னணுக் கருவிகளை நம்ப முடியவில்லை. அவை சாலையில் பழுதாவது புதிய ஆபத்தாகும் என்ற வாதத்தை ஏற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978இல் அவ்விதியின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதவையாக்கியது. தொழில்நுட்பம் முதிர்ந்த பிறகே, 1997 மார்ச் முதல் தயாராகும் இழுவை லாரிகளுக்கும் 1998 மார்ச் முதல் தயாராகும் டிரெய்லர்களுக்கும் சக்கரம் பூட்டாத ஏபிஎஸ் பிரேக் அங்கே கட்டாயமாயிற்று.

நிறுத்துவதைப் போலவே, முன்வண்டி போன தடத்திலேயே பின்வண்டியும் வரச்செய்வது தனிக்கலையாக வளர்ந்தது. வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் எப்போதும் உட்பக்கமாக நறுக்கிக்கொண்டு வரும். வண்டிகள் கூடக்கூட இந்த நறுக்கல் பெருகும். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல்ஸ் ரெனார்டு 1903இல் காட்டிய சாலைத் தொடர்வண்டியில், முன்னாலிருந்த ஒரே எந்திரத்தின் சுழற்சி நீண்ட தண்டு வழியாக ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கும் போனது. ஒவ்வொரு வண்டியும் முன்னதன் தடத்தைப் பின்பற்றித் திரும்பியது. அது வணிகத்தில் வெற்றிபெறாவிட்டாலும், அதே சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கர்ட் யோஹான்சன் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விடைகண்டார்; போரில் மிஞ்சிய ராணுவ லாரியின் பின்னால், தாமே தடம் பற்றித் திரும்பும் டிரெய்லர்களைப் பூட்டி அவர் கால்நடைகளை ஏற்றிச்சென்றார். அந்த மரபில் வந்த இன்றைய சாலைத் தொடர்வண்டிகள் 53.5 மீட்டர் நீளம்வரை அனுமதிக்கப்பட்டு, முந்திச்செல்ல வருபவர் அறியும்படி தம் அடையாளத்தைப் பெரிய எழுத்தில் தாங்கியே ஓடுகின்றன.

காரின் பின்னால் இழுக்கும் சிறிய டிரெய்லரின் கதை வேறு. தொழிலாக லாரி ஓட்டுபவர் பயிற்சி பெற்றவர். விடுமுறைக்கோ வீடு மாற்றவோ ஆண்டுக்கு ஒருமுறை டிரெய்லர் பூட்டுபவர் அத்தகையவர் அல்லர். 1945இல் லியனார்டு ஷோயனும் அவர் மனைவியும் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம், ஓரிடத்தில் வாடகைக்கு எடுத்து வேறோர் ஊரில் விட்டுவிடும் வசதியைத் தந்து இந்த இரண்டாம் வகையினரைப் பெருக்கியது. பாரத்தில் 60 விழுக்காட்டை முன்பாதியில் வைக்கவேண்டும், மணிக்கு 55 மைலைத் தாண்டக்கூடாது என்ற அறிவுரைகளை அது வாடிக்கையாளருக்கு ஓயாமல் சொல்லிவருகிறது. இவ்வகை டிரெய்லர்களின் பிரேக்கும் இருவழிகளில் வளர்ந்தது. ஐரோப்பாவில் பரவிய முறையில், கார் வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னோக்கி முட்டும் அந்த முட்டலே இணைப்புத் தண்டை உள்ளே தள்ளி டிரெய்லரின் பிரேக்கை இழுக்கிறது. அமெரிக்காவில் காரிலிருந்து வரும் மின்சாரம் டிரெய்லர் சக்கரத்துக்குள் உள்ள காந்தத்தை இயக்கிப் பிரேக் போடுகிறது. ஆனால் ஐரோப்பிய விதிகளின்படி மொத்த எடை 750 கிலோவைத் தாண்டாத டிரெய்லருக்குப் பிரேக்கே தேவையில்லை. ஆகவே சாலையில் ஓடும் மிகச்சிறிய டிரெய்லர், நிறுத்தும் முறையில் 1869க்கு முந்திய நிலையில்தான் இருக்கிறது.

சிறிய டிரெய்லரின் தனிப்பெரும் ஆபத்து, அது இடமும் வலமும் ஆடத் தொடங்குவது. குறைந்த வேகத்தில் காற்று வீசினாலோ பெரிய பஸ் ஒன்று கடந்தாலோ தோன்றும் ஆட்டம் தானே அடங்கிவிடும்; ஒவ்வோர் இணைக்கும் உரிய ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது அடங்காமல் வீச்சு கூடிக்கொண்டே போய்க் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். பாரம் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் இணைப்பின்மீது விழும் அழுத்தம் குறைந்து, அந்த வேகவரம்பு கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்பின்மீது தங்கவேண்டும் என்பது அமெரிக்க வழக்கில் பொதுவிதியாக நிலைபெற்றது. ஆட்டம் தொடங்கியபின் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி அடக்க முயல்வது மனிதரின் இயல்பு. ஆனால் கை எப்போதும் ஒரு கணம் தாமதிப்பதால், திருத்தம் அடுத்த வீச்சோடு சேர்ந்து அதை வளர்க்கிறது. கார் பிரேக்கை ஓங்கி மிதித்தால், பின்வண்டி முன்வண்டியை முட்டி நிலைமை மோசமாகிறது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகத்தைத் தானே இறங்கவிடுவதும், மின்பிரேக் இருந்தால் டிரெய்லருக்கு மட்டும் கையால் பிரேக் கொடுப்பதும் அனுபவம் வகுத்த வழிகள்.

தமிழ்நாட்டில் டிரெய்லரைப் பெரும்பான்மையோர் அறிவது டிராக்டரின் பின்னால் கரும்போ நெல்லோ செங்கல்லோ ஏற்றிவரும் வண்டியாக. வயலுக்கென்று பிறந்த டிராக்டரில் இடப் பின்சக்கரத்துக்கும் வலப் பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல்கள் உண்டு. உழவுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாக வட்டமிட்டுத் திரும்பும். சாலைக்கு ஏறும்போது இரண்டு பெடலையும் கொளுவியால் இணைத்துவிடவேண்டும். மறந்துபோய் ஒரு பெடலை மட்டும் அழுத்தினால், டிராக்டர் ஒருபுறம் இழுபட, பின்னால் தள்ளும் பாரம் அதைக் கவிழ்க்கும். டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் உருளவிடும் பழக்கமும் இதே ஆபத்தை அழைப்பது. ஏறிய கியரிலேயே இறங்கி எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவதுதான், டிரெய்லரில் பிரேக் இல்லாத வண்டிக்குக் கிடைக்கும் ஒரே கூடுதல் பிடி. இழுக்கும் வாகனத்தின் பதிவெண்ணை டிரெய்லரிலும், பல டிரெய்லர்கள் இருந்தால் கடைசி டிரெய்லரிலும் காட்டவேண்டும் என 1988ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பது, கடைசிச் சக்கரம்வரை அனைத்தையும் ஒரே வாகனமாகவும் ஒரே ஓட்டுநரின் பொறுப்பாகவும் கருதும் பார்வையிலிருந்து வந்தது.

1865இல் பின்னால் வரும் வண்டிகளைக் கவனிக்கத் தனியாள் வைத்த சட்டமும், கூரைமீது நடந்த பிரேக்மேனும், அவர்களை விலக்கிய காற்றுக்குழாயும், சக்கரத்தின் சுழற்சியை நொடிதோறும் அளக்கும் மின்னணுக் கருவியும் ஒரே பணியைத்தான் அடுத்தடுத்து ஏற்றன: ஓட்டுநரின் கண்ணுக்கும் காலுக்கும் எட்டாத பாரத்துக்குத் தானே நிற்கும் திறனைக் கொடுப்பது. அந்தப் பணியில் பெரும்பகுதி கனரக வாகனங்களில் முடிந்துவிட்டது. இலகு டிரெய்லரிலும் டிராக்டர் வண்டியிலும் அது பாதியில் நிற்கிறது. பாரத்தை எங்கே வைப்பது, இணைப்பு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று புறப்படும் முன் பார்ப்பது, இறக்கத்தின் தலையிலேயே வேகத்தைக் குறைப்பது ஆகிய மூன்றையும் எந்தக் கருவியும் இன்னும் ஓட்டுநரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. பிரேக் எவ்வளவு எளியதோ அவ்வளவுக்கு இந்த மூன்றின்மீதும் பாதுகாப்பு சார்ந்திருக்கிறது.